அண்ணன் வீட்டு ரவுட்டர்

என் அண்ணன் ஆமோனுக்குக் கல்லீரல் போய்விட்டது என்பது மூன்று பேருக்குத்தான் தெரியும். அவருக்கு, அண்ணிக்கு, எனக்கு. இனி செய்வதற்கு ஒன்றுமில்லை, வயிற்றில் நீர் கட்டினால் கூட்டிக்கொண்டு வாருங்கள், எடுத்து விடுகிறோம் என்று டாக்டர் கைகழுவிவிட்டார். லெஸ்டரில் இருக்கும் மகன் ஷிங்கிராய்க்கு இது தெரியக் கூடாது என்பது அண்ணனின் உத்தரவு. மாவு ஆலையில் ஆயுள் முழுக்க மேற்பார்வையாளராக இருந்தவர். உத்தரவு போடாமல் அவருக்குத் தண்ணீர்கூடக் கேட்கத் தெரியாது.

காரணம் இல்லாமல் இல்லை. ஷிங்கிராய் இங்கிலாந்தில் அடைக்கலம் கேட்டு மனுப் போட்டுவிட்டுக் காத்திருப்பவன். முடிவு வருவதற்குள் அந்த நாட்டை விட்டுக் கிளம்பினால் மனு செத்தது, திரும்ப உள்ளே விடமாட்டார்கள். அவன் பெண்டாட்டியும் பிள்ளையும் அங்கேதான். அப்பாவுக்கு இப்படி என்று தெரிந்தால் அடுத்த விமானத்தில் ஏறிவிடுவான். முன்பின் யோசிக்கிற பழக்கம் எங்கள் வம்சத்திலேயே கிடையாது.

ஆனால் அவனிடம் மறைப்பது லேசுப்பட்ட காரியமா? வேலை செய்ய அனுமதி கிடைத்த நாளிலிருந்து அவன் முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறான். வெள்ளைக்காரக் கிழவர்களைக் குளிப்பாட்டி, ஊட்டி, துடைத்துவிட்டு, கடைசியில் கண்ணையும் மூடிவிடுகிறவன். கண் மஞ்சளானால், கன்னம் ஒட்டினால் என்ன அர்த்தம் என்று டாக்டருக்கு முன்னால் அவன் சொல்லிவிடுவான். ஊரார் அப்பன்களுக்கெல்லாம் பக்கத்தில் இருக்கிறான், தன் அப்பனுக்கு இல்லை.

அண்ணனுக்குக் கைகொடுத்தது டிவி அலமாரி மேல் கிடந்த பழைய ரவுட்டர்தான். வெள்ளையாக இருந்து பழுப்பாகிப் போன பெட்டி. ஆன்டெனாக் கொம்பு ஒன்று உடைந்து டேப் சுற்றியிருக்கும். தொட்டால் இஸ்திரிப் பெட்டி மாதிரி சுடும். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து ஷிங்கிராய் வீடியோவில் கூப்பிடும்போது, அண்ணன் போனை எடுத்துக்கொண்டு வீட்டின் கடைசி அறைக்குப் போய்விடுவார். நடுவில் இரண்டு செங்கல் சுவர். அங்கே போனால் படம் கட்டம் கட்டமாக உடைந்துவிடும்.

"அப்பா, உங்க முகமே தெரியலப்பா. கொஞ்சம் ஹாலுக்கு வாங்களேன்."

"ஹால்ல உங்க அத்தை டிவி பாக்குறா. நெட்வொர்க்கே இவ்ளோதான்டா. குரல் கேக்குதுல்ல?"

நான் டிவியை அணைத்துவிட்டு இதைக் கேட்டுக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பேன். ஒரு வாரம் அண்ணிக்கு ஒத்தாசையாக இருந்துவிட்டுப் போகலாம் என்று வந்தவள், மார்க்கெட்டில் பழைய துணி விற்கும் என் கடையை அடுத்தவளிடம் ஒப்படைத்துவிட்டு அங்கேயே தங்கிவிட்டேன். டிவி பார்க்கிற பழியும் என் மேல்தான் விழும்.

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் ஷிங்கிராய் அங்கிருந்தே பணம் கட்டி, வீட்டுக்கு வேகமான இணையத்துக்கு ஏற்பாடு செய்துவிட்டான். எங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரு நாள் காலையில் கம்பெனிக்காரர்கள் எங்கள் பேட்டையான வாரன் பார்க்கில் தெரு முழுக்க நாய்களைக் குரைக்கவிட்டு, கம்பத்திலிருந்து புதுக் கம்பி இழுத்து, ஹால் சுவரில் சின்னதாக ஒரு பெட்டி மாட்டினார்கள். வந்தவர்களில் தலைமையாள் பெயர் லேர்ன்மோர். என் வயதுக்குச் சற்றே இளையவன், தொப்பை அவனுக்கு முன்னால் வீட்டுக்குள் வந்தது.

அவன் தன் லேப்டாப்பைச் சுவர்ப் பெட்டியில் செருகிப் பார்த்தான். முகம் மலர்ந்தது. பிறகு பழைய ரவுட்டரில் கம்பியைச் செருகி, போனோடு கடைசி அறைக்குப் போய்ப் பார்த்தான். திரும்பி வரும்போது உதட்டைப் பிதுக்கினான்.

"மாமா, சுவரு வரைக்கும் வெள்ளமா வருது. இந்தப் பெட்டிக்கு அந்தப் பக்கம் சொட்டுதான். இது தாங்காது. அந்தக் காலத்து லைனுக்குச் செஞ்சது. சுவத்தைத் தாண்டவும் இதுக்குத் தெம்பில்ல. புதுசு ஒண்ணு போட்டுடலாம்."

"ஓடுதுல்ல?" என்றார் அண்ணன்.

"ஓடுது. ஆனா நீங்க முழு மாட்டுக்குக் காசு குடுத்துட்டு வாலை மட்டும் வாங்கிட்டுப் போறீங்க."

"எனக்கு வால் சூப்தான் பிடிக்கும். நீ கிளம்பு."

லேர்ன்மோர் என்னைப் பார்த்தான். நான் கூரையைப் பார்த்தேன். அவன் போனதும் அண்ணன் அந்தப் பழைய பெட்டியைக் கையால் ஒரு தடவு தடவிவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். வீங்கிய வயிற்றின் மேல் சட்டைப் பொத்தான் விட்டுப் போயிருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை.

"எத்தனை நாளைக்கு இந்தக் கூத்து? அவன் உன் மகன். அவனுக்குத் தெரியணும்."

"தெரிஞ்சா என்ன பண்ணுவான்?"

"வருவான்."

"வந்து? என்னைப் புதைச்சிட்டு இங்கயே உக்காந்து உன்கூடத் துணி விப்பானா? அந்தக் குழந்தைக்கு அப்பன் வேணாமா? எஸ்னாத், நீ அத்தைங்கிற பவுசுல அவனுக்கு எதாச்சும் சொன்னே, அப்புறம் இந்த வீட்டுப் படி ஏறாதே."

எங்கள் வீடுகளில் அத்தை வாயைத் திறந்தால் அது தீர்ப்பு. அதனால்தான் என்னை மிரட்டினார். நானும் வாயை மூடிக்கொண்டேன். அண்ணி அடுப்படியில் களியைத் துழாவிக்கொண்டே மூக்கை உறிஞ்சியது மட்டும் கேட்டது.

அந்த வாரத்திலேயே ஒரு மத்தியானம் நான் கொல்லையில் அண்ணனின் படுக்கை விரிப்புகளைக் காயப்போட்டுக்கொண்டிருந்தபோது என் போன் அடித்தது. ஷிங்கிராய். வீடியோ இல்லை, வெறும் குரல்.

"அத்தே, பக்கத்துல யாராச்சும் இருக்காங்களா?"

"கோழிதான் இருக்கு. சொல்லு."

"அப்பாவுக்குக் கல்லீரலா?"

கையிலிருந்த ஈர விரிப்பு மண்ணில் விழுந்தது.

"நீங்க சொல்ல வேணாம் அத்தே. ஒரு வாக்கியம் முடிக்கறதுக்குள்ள மூணு எடத்துல மூச்சு வாங்குறாரு. அந்த மூச்சை நான் தினமும் கேக்குறேன். அங்க மழைக்காலம் முடிஞ்சதுலேர்ந்தே எனக்குத் தெரியும்."

"அப்புறம் ஏன்டா தெரியாத மாதிரி..."

"நான் வந்துடக் கூடாதுன்னுதானே அவரு மறைக்கிறாரு. எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா அவரு நிம்மதி போயிடும். வரேன்னு சொல்ல எனக்கும் வழியில்ல. வரமாட்டேன்னு அவர்கிட்ட எந்த வாயால சொல்றது? நெட்வொர்க் மேல பழியைப் போட்டுட்டு ரெண்டு பேரும் மழையைப் பத்தியும் மக்காச்சோள விலையைப் பத்தியும் பேசிட்டிருக்கோம்."

அப்படியானால் இந்த வேகமான லைன் எதற்கு என்று கேட்டேன்.

"அவரைப் பாக்கணும் அத்தே. நோயைப் பாக்க இல்ல. சும்மா அவரைப் பாக்கணும்."

போட்டோ எடுத்து அனுப்பட்டுமா என்றேன். வேண்டாம் என்றான். தன்னிடம் பேசும்போது அவர் முகம் எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டும், போட்டோவில் அது வராது என்றான். நான் இடுப்பில் சுற்றியிருந்த துணியின் ஓரத்தில் மூக்கைத் துடைத்துக்கொண்டேன். பிறகு இரண்டு பேரும் திருடர்கள் மாதிரி திட்டம் போட்டோம்.

அண்ணனை நீர் எடுக்க அண்ணி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போன அன்று லேர்ன்மோரை வரவழைத்தேன். ஷிங்கிராய் சொன்ன புது ரவுட்டரை லேர்ன்மோர் கையோடு கொண்டுவந்தான். அதைத் துணி பீரோவின் தலையில், பழைய சூட்கேஸுக்குப் பின்னால் வைத்தோம். பழைய ரவுட்டரின் பெயரையும் பாஸ்வேர்டையும் புதியதற்கே கொடுத்துவிட்டான், அண்ணனின் போன் வித்தியாசம் தெரியாமல் ஒட்டிக்கொள்ளும். பழையது இணையம் அனுப்பாதபடி அதன் வாயை அடைத்து, விளக்கு மட்டும் எரிகிற மாதிரி டிவி அலமாரியிலேயே விட்டான்.

"மாமாவை நான் ஏமாத்தல அக்கா. நீங்கதான் ஏமாத்துறீங்க, சரியா?" என்றான். அவனுக்கு ஒரு தட்டுக் களியும் கீரையும் போட்டு வாயை அடைத்தேன்.

இன்னொரு சிக்கல் இருந்தது. புது ரவுட்டர் வந்தால் ஷிங்கிராயின் முகமும் இங்கே பளிச்சென்று தெரியும். அண்ணன் என்ன மடையரா? மகன் முகம் தெளிந்தால் தன் முகமும் அங்கே தெளிந்துவிட்டது என்று அந்த நொடியே கண்டுபிடித்துவிடுவார். அதற்கும் ஷிங்கிராய் வழி வைத்திருந்தான். கிழவர்களின் வெடித்த உதட்டில் தடவ அவன் பையில் எப்போதும் வாசலின் டப்பா இருக்கும். அதில் கொஞ்சம் எடுத்துத் தன் போன் கேமரா மேல் தேய்த்துக்கொண்டான்.

அடுத்த ஞாயிறு அண்ணன் வழக்கம்போலக் கடைசி அறையில் படுத்தபடி போனை எடுத்தார். நான் அவர் தோளுக்குப் பின்னால் நின்றேன். திரையில் மகன் பனிமூட்டத்துக்குள் உட்கார்ந்திருந்தான். அண்ணன் திருப்தியாகத் தலையசைத்தார்.

"பாத்தியா, வேகமான லைன் போட்டும் அதே லட்சணம்தான்."

"ஆமாப்பா, ஏமாத்திட்டாங்க," என்றான் ஷிங்கிராய். குரல் கொஞ்சம் பிசிறியது. அவன் பார்க்கிறான் என்று எனக்குத் தெரிந்தது. தன் முகத்தை யாரும் பார்க்கவில்லை என்ற தைரியத்தில் அண்ணன் அன்று நிறையப் பேசினார், மகனின் மங்கல் உருவத்தைப் பார்த்துச் சிரித்தார், பேச்சுக்கு நடுவே வலி வந்தபோது கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். முகத்தை மறைக்க வேண்டியதில்லை என்று நினைத்த மனிதரின் முகம் அது. பிள்ளை அதையெல்லாம் பார்த்துக்கொண்டு மழையைப் பற்றிப் பேசினான்.

அதன்பிறகு ஞாயிறு மட்டும் என்பது போய், தினமும் கூப்பிட ஆரம்பித்தான். நாங்கள் நல்லது செய்துவிட்டோம் என்று அண்ணியிடம் சொல்லி அவளையும் எங்கள் கட்சியில் சேர்த்துக்கொண்டேன். அப்படித்தான் நம்பினேன்.

அண்ணன் எழுந்து உட்கார முடியாமல் போன பிறகு, ஒரு நாள் காலையில் கஞ்சி கொடுக்கும்போது என் மணிக்கட்டைப் பிடித்தார். பிடியில் பலமே இல்லை.

"எஸ்னாத், அந்த லேர்ன்மோரைக் கூப்பிட்டுப் புது ரவுட்டர் மாட்டச் சொல்லு."

"இப்ப எதுக்குண்ணே?"

"அவன் முகம் மறந்துட்டு வருது. குரல் இருக்கு, முகம் வரமாட்டேங்குது. நேத்து கண்ணை மூடி யோசிச்சுப் பாத்தேன், அவன் பள்ளிக்கூடம் போன வயசு முகம்தான் வருது." மூச்சு வாங்கினார். "அவன் என்னைப் பாத்தாலும் பரவால்ல. நான் அவனைப் பாக்கணும்."

பிள்ளை அப்பனைப் பார்ப்பதற்கு வழி செய்தேனே தவிர, அப்பனுக்குப் பிள்ளை வேண்டும் என்பது என் மண்டையில் உறைக்கவே இல்லை. நாளைக்கே வரச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டுக் கொல்லைக்கு ஓடினேன். ஷிங்கிராய் வேலையில் இருந்தான். திரும்பத் திரும்ப அடித்த பிறகு எடுத்தான்.

"அந்த வாசலினைத் துடைச்சிடுடா."

"துடைச்சா அவருக்குத் தெரிஞ்சிடுமே அத்தே."

"தெரியட்டும். உன்னைப் பாக்கணுங்கறாரு."

ஒரு நாள் பொறுத்து, லேர்ன்மோர் வந்துபோன மாதிரி நடித்துவிட்டு, பிறகு கூப்பிடலாம் என்று பேசி வைத்தோம். அண்ணன் பொறுக்கவில்லை. மத்தியானம் நான் சாப்பிடப் போயிருந்தபோது அவரே போனைத் தடவி எடுத்து அழைத்துவிட்டார். ஷிங்கிராயின் குரல் கேட்டுக் கையைக் கூடக் கழுவாமல் நானும் அண்ணியும் ஓடினோம்.

திரையில் ஷிங்கிராய். இல்லத்தின் நீலச் சட்டை, நெற்றியில் வியர்வை, காதோரம் நரை. துல்லியமாக எல்லாம் தெரிந்தது. நான் சொன்னதுமே வாசலினைத் துடைத்துவிட்டிருந்தான். அண்ணன் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு மெல்லக் கேட்டார்.

"லேர்ன்மோர் இன்னும் வரலையே?"

அண்ணி என்னைப் பார்த்தாள்.

"எப்பலேர்ந்து என்னைப் பாத்துட்டிருக்கே?"

"வயித்துல நீர் எடுத்தீங்கள்ல... அன்னிலேர்ந்துப்பா. அதுக்கு முன்னாடியே தெரியும்."

என்னை வீட்டை விட்டு விரட்டுவார் என்று நினைத்தேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

"சரி. அப்ப நேராவே சொல்லிடலாம்," என்றார். ஒவ்வொரு சொல்லுக்கும் நிறுத்தி மூச்சு எடுத்தார். "நான் போனா நீ வராதே."

"அப்பா..."

"வராதே. வந்தா உன்னைத் திரும்ப விடமாட்டாங்க."

"உங்களுக்கு மண்ணு யாருப்பா போடுவா?"

"உங்க அத்தை போடுவா. அவளுக்கு என் தலையில மண்ணைப் போடணும்னு சின்ன வயசிலேயே ஆசை." அவர் சிரிக்கப் பார்த்தார், இருமல்தான் வந்தது. இருமல் அடங்கியதும், "வரமாட்டேன்னு சொல்லு. நான் கேட்டுட்டுப் போகணும்."

அவன் தலையைத் திருப்பினான். யாரோ ஒரு கிழவர் அங்கே அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது கேட்டது. அவன் போகவில்லை. மறுபடி திரும்பியபோது அவன் முகவாய் நடுங்கிக்கொண்டிருந்தது. அந்த முகத்தை அவ்வளவு தெளிவாகப் பார்க்கும்படி ஆனதற்கு நான் அந்த ரவுட்டரையும் லேர்ன்மோரையும் என்னையும் சேர்த்துச் சபித்தேன்.

"வரமாட்டேன்பா," என்றான்.

அண்ணன் தலையசைத்தார். போனை வாங்கிக்கொள்ளக் கை நீட்டினேன், கொடுக்கவில்லை. சார்ஜ் தீர்ந்து திரை அணையும் வரைக்கும் மகனைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தார்.