பந்தல் குழிகள்

நீலாவதி விழுந்த குழி இன்னும் அப்படியேதான் கிடந்தது. டாலிகஞ்சில், அவள் கணவர் மகேஸ்வரனின் இட்லிக் கடைக்கு எதிரே, சந்தின் அகலம் முழுக்க. மழைத் தண்ணீரில் ஆழம் தெரியாமல் கால் வைத்தாள். இடுப்பு எலும்பு முறிந்தது. ஆபரேஷன் முடிந்து இன்று மதியம் வீட்டுக்கு வருகிறாள். வண்டி குலுங்கவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். இந்தக் குழியில் இறங்கி ஏறாமல் எந்த வண்டியும் சந்துக்குள் வர முடியாது.

"உன் கம்ப்யூட்டர் இதப் பாக்கலியாம்மா?" என்றார் மகேஸ்வரன், தோசைக்கல்லைத் தேய்த்துக்கொண்டே.

மகள் கீதாஞ்சலிக்கு நியூ டவுனில் வேலை. சாலைத் துறைக்கு வெப் அப்ளிகேஷன் செய்துகொடுத்தது அவளுடைய குழுதான். முன்பெல்லாம் ஓவர்சியர் தாளில் எழுதுவார், அது மேஜை மேஜையாகத் தூங்கும், யாராவது பெரிய மனிதர் போன் செய்தால் வரிசை மாறும். இப்போது சர்வே ஆட்கள் குழியைப் போனில் படம் எடுத்தால் போதும். இடம் தானாகப் பதிவாகும். குழிகள் அதிகமுள்ள தெரு பட்டியலில் முதலில் வரும். வேலை உத்தரவும் தானே போகும். நடுவில் யாரும் கை வைக்க முடியாது.

"பாத்துச்சுப்பா. நம்ம சந்து லிஸ்ட்ல ரொம்பக் கீழ இருக்கு. ஒரே குழிதானே."

"உங்கம்மாவுக்கும் ஒரே இடுப்புதான்."

அவள் குழியைப் பார்த்தபடி தட்டுகளை அடுக்கினாள்.

"நீதானே செஞ்சே. உள்ள போயி நம்ம சந்த மேல ஏத்திவிடேன்."

"அப்படி யாரும் ஏத்தக்கூடாதுன்னுதான்ப்பா அதையே செஞ்சோம்."

"நல்லா செஞ்சீங்க, போ."

அப்போது தார்க்கலவை லாரி ஒன்று கடையைத் தாண்டி அடுத்த தெருவுக்குள் திரும்பியது. கீதாஞ்சலி செருப்பை மாட்டிக்கொண்டு பின்னாலேயே போனாள்.

அங்கே கூலியாட்கள் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு சும்மா நின்றார்கள். மேஸ்திரி போனையும் தெருவையும் மாறி மாறிப் பார்த்தார். "இங்கதான் முதல் வேலைன்னு போன் சொல்லுது. குழி எங்க தீதி?" என்றார் இந்தியில்.

அவள் போனை வாங்கிப் பார்த்தாள். படம் படமாகக் குழிகள். எல்லாம் ஒரே அளவு, நேர் வரிசை. துர்கா பூஜைப் பந்தலுக்கு மூங்கில் நட்ட குழிகள். பந்தல் பிரித்த கையோடு சர்வே ஆட்கள் வந்து ஒன்று விடாமல் எடுத்திருக்கிறார்கள். அதன் பிறகு, வருஷா வருஷம் செய்வதுபோல, கிளப் பையன்கள் செங்கல் தூள் போட்டு மூடிவிட்டார்கள்.

சின்ன வயதிலிருந்து அவள் தாண்டிக் குதித்த குழிகள். அவற்றைக் குழி என்றே அவள் நினைத்ததில்லை. பந்தலோடு வரும், பந்தலோடு போகும். அதனால்தான் அப்ளிகேஷனுக்கு விதிகள் எழுதியபோது அவற்றைத் தள்ளிவிட வேண்டும் என்று தோன்றவே இல்லை.

"கலவை ஆறிட்டா கல்லு. எங்கயாவது கொட்ட வேண்டியதுதான்" என்றார் மேஸ்திரி.

"அடுத்த சந்துல பெரிய குழி இருக்கு."

"இருக்கும். வேலைய முடிச்சு இங்க போட்டோ எடுத்தாத்தான் பச்சை காட்டும். அங்க எடுத்தா சிவப்பு. சிவப்புன்னா இன்னிக்கு எங்க யாருக்கும் கூலி இல்ல. இத எந்தப் புண்ணியவான் செஞ்சானோ!"

"நான்தான் செஞ்சேன்."

காலில் சாக்கு சுற்றியிருந்த கூலிக்காரி ஒருத்தி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "பாத்தா நல்ல பொண்ணாத்தான் இருக்கே!"

எல்லோரும் சிரித்தார்கள். கீதாஞ்சலிக்கும் சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது. துறையின் எஞ்சினியர் சந்தீப்புக்குப் போன் போட்டு வங்க மொழியில் எல்லாவற்றையும் சொன்னாள்.

"சந்தீப் அண்ணா, இன்னொண்ணு. அது எங்க அம்மா விழுந்த குழி. நானே சொல்லிடறேன்."

சந்தீப் சொன்னார்: "அதையும் சேத்து எழுது. விதில விட்டுப்போனது உன் தப்புன்னும் எழுதி, உன் பேரப் போட்டு அனுப்பு. அவங்க கூலி நிக்காம நான் பாத்துக்கறேன். உன்ன உன் கம்பெனி சும்மா விடாது, தெரியும்ல?"

"தெரியும்."

நின்ற இடத்திலேயே எழுதி அனுப்பினாள். சந்தீப்பின் 'சரி' வந்ததும் மேஸ்திரியிடம் இந்தியில் படித்துக் காட்டினாள். அவர் இரண்டாம் முறையும் படிக்கச் சொல்லிக் கேட்டபிறகுதான் லாரியைத் திருப்பினார்.

குழித் தண்ணீரை வாளியால் இறைத்து, ஜல்லி போட்டு, கலவையைக் கொட்டினார்கள். புகை கண்ணைக் கரித்தது. திமிசுக் கட்டையால் இடித்துக் கெட்டித்தார்கள். மகேஸ்வரன் இட்லித் தட்டோடு குறுக்கும் நெடுக்கும் போய்க்கொண்டிருந்தார். வேலை முடியும்வரை யாரும் இட்லிக்குக் கை நீட்டவில்லை.

ஆஸ்பத்திரி வண்டி வந்தபோது கூலிக்காரி நடுவில் நின்று கையைக் காட்டி நிறுத்தினாள். உள்ளிருந்து நீலாவதியின் குரல் வந்தது: "யாருடி அவ, என் வண்டிய மறிக்கிறது?"

"சூடா இருக்கும்மா. கொஞ்சம் ஆறட்டும்" என்று சொல்லிக் கீதாஞ்சலி உள்ளே ஏறி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பிறகு வண்டி மெல்ல ஊர்ந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்த நீலாவதி கண்ணைத் திறந்தாள். "குழி எப்ப வரும்?"

"தாண்டியாச்சும்மா."

கீதாஞ்சலியின் போன் அதிர்ந்தது. மேஸ்திரி எடுத்த படத்துக்கு அப்ளிகேஷனில் சிவப்பு விழுந்திருந்தது; கூலிக்குச் சந்தீப்பின் 'சரி' இருந்தது. அதற்கு மேலே கம்பெனி மேனேஜரின் அழைப்பு. அம்மாவைக் கட்டிலில் கிடத்திவிட்டுப் பேசிக்கொள்ளலாம் என்று போனைப் பைக்குள் போட்டாள்.