வலைக் கொட்டகையில் ஒரு வால்

1

இந்தக் கதை பாம்பினால் பிறந்தது அல்ல. என் சம்பந்தி எத்திராஜின் வாயினால் பிறந்தது. எங்கள் வீட்டு வேலியோரம் நின்று அவர் சொன்ன ஒரு வாக்கியம், மீன்கூடைகளோடு கூடவே ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் ஊர்வலம் போய்விட்டது. போன வாரம் திருவொற்றியூர்த் தேரடியில் முன்பின் அறியாத ஒருவன் என்னை நிறுத்தி, "பெரியவரே, சுப்பராயன் வூடு எங்க கீது? அதான், அந்தத் துடுப்பு வால் வூடு?" என்று என்னிடமே கேட்டான். வழி காட்டினேன். வேறு என்ன செய்வது?

எங்கள் குப்பத்துப் பஞ்சாயத்தில் முதல் பேச்சு எங்கள் வீட்டினுடையது. என் பாட்டன் காலம் முதல் அப்படித்தான். அந்த வீட்டுக்கு இப்படி ஒரு பெயர். வாயால் பரவியதை வாயால் அடக்க முடியாது என்பதால் அச்சில் போடத் தீர்மானித்து, ராயபுரத்தில் மாதப் பத்திரிகை நடத்தும் ஆசிரியரிடம் போனேன். என் இரண்டொரு கட்டுரைகளை முன்பு வெளியிட்டவர். "பிராது என்றால் போடமாட்டேன், கதை என்றால் போடுகிறேன்" என்றார்.

ஆகவே இது கதை. நடந்தது நடந்தபடியே இருக்கும். கதை என்ற சொல் மட்டும் ஆசிரியருக்காக.

2

தொடங்குவதற்குள் மூன்று தாள் வீணாயிற்று. வாசகர்கள் பார்க்கட்டும்.

முதல் தொடக்கம்: "கடலன்னையின் மடியில் தவழ்ந்து வளர்ந்த பெருங்குடியொன்றில்—"

என் மனைவி கெங்கம்மாவுக்கு எழுத்து தெரியாது. ஆனால் எழுதுவதை உரக்கப் படித்துப் பார்ப்பது என் பழக்கம். அவள் பக்கத்தில் உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். "இன்னாது, தவழ்ந்தியா? உங்கம்மா உன்ன மணல்ல வுட்டுட்டு மீன் விக்கப் போய்டும்னு நீதானே சொன்னே?" என்றாள். அந்த வரியை அடித்தேன்.

இரண்டாம் தொடக்கம்: "ஐப்பசி அடைமழையில் கால்வாய் பொங்கியபோது ஒரு கொடிய விஷ—"

விஷம் என்று நானே எழுதினால் வழக்கு தோற்றுவிட்டது என்று பொருள். அடித்தேன்.

மூன்றாம் தொடக்கம்: "ஐப்பசி அடைமழையில் கால்வாய் பொங்கியபோது விஷமற்ற ஒரு—"

"வெசமில்லன்னு எந்தப் பாம்பு வந்து உன்னாண்ட சொல்லிச்சு?" என்றாள் கெங்கம்மா.

ஆகவே தொடக்கம் இல்லாமலே மேலே போகிறேன்.

3

எங்கள் வீட்டுக்கும் கிணற்றுக்கும் நடுவில் வலைக் கொட்டகை இருக்கிறது. பெரிய வலை அங்கே குவியலாகக் கிடக்கும். மழைக்காலத்தில் அதற்கு ஓய்வு. தை பிறந்தால் கடலில் இறங்கும். தண்ணீருக்குப் போகிறவர்கள் கொட்டகை வாசலை ஒட்டித்தான் போக வேண்டும்.

என் மருமகள் வரலட்சுமிக்கு அப்போது ஏழாம் மாதம். கால்வாய் பொங்கிய மறுநாள் காலையில் குடத்தோடு போனவள் நின்றுவிட்டாள். அலறவில்லை. (முதல் பிரதியில் அலறினாள் என்று எழுதியிருந்தேன். பெண்கள் அலறினால் கதை சூடுபிடிக்கும் என்பார்கள். ஆனால் அவள் அலறவில்லை.) மெதுவாகக் குடத்தை இறக்கி வைத்துவிட்டுக் கூப்பிட்டாள்.

"மாமா, இங்க ஒண்ணு கீது. தடியா. ஒடம்பு மேல சங்கிலி கோத்தாப்போல வட்டம் வட்டமா. துருத்தி ஊதறாப்போல சீறுது."

நான் போய்ச் சேர்ந்தபோது அது வலைக்குள் போய்க்கொண்டிருந்தது. வால் மட்டும் வெளியே இருந்தது. உருண்டு, கூராக முடிகிற வால். ஒரு கணம் கிடந்து, உள்ளே போய்விட்டது.

கடலில் வலையோடு பாம்பு ஏறி வந்தால் நாங்கள் தலையைப் பார்ப்பதில்லை. அதற்கு நேரம் கிடையாது. வாலைப் பார்ப்போம். துடுப்புப் போலத் தட்டையாக இருந்தால் கொடிய விஷம், கொம்பால் தூக்கி எறிவோம். உருண்டு கூராக இருந்தால் அது விலாங்கு, குழம்புக்கு. இது நான் கண்டுபிடித்தது அல்ல, இந்தக் கரையில் பிள்ளைகளுக்கும் தெரியும். இந்த அளவுகோலால் உயிர் பிழைத்தவர்களில் நானும் ஒருவன்.

வேலியோரம் கூட்டம் சேர்ந்துவிட்டது. விரியன் என்றான் ஒருவன், சாரை என்றான் இன்னொருவன். எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். குப்பத்தில் எதற்கும் என் முகத்தைத்தான் பார்ப்பார்கள். "வாலைப் பார்த்தேன். உருண்டை. விஷம் கிடையாது. போய் வேலையைப் பாருங்கள்" என்று சொல்லிவிட்டேன்.

சொன்ன சொல் சொன்னதுதான்.

4

இங்கே ஒரு பாத்திரத்தைப் பற்றி வாசகர்களிடம் முறையிட வேண்டும். பாம்பைச் சொல்கிறேன். கதையின் நாயகன் அது. ஆனால் ஒரே ஒருமுறை வந்தது, அதிலும் பின்பக்கத்தைக் காட்டியது. பிறகு வரவேயில்லை. இப்படிப்பட்ட பாத்திரத்தை வைத்துக்கொண்டு யார் கதை எழுதுவார்கள்? உள்ளே இருக்கிறதா, பின்பக்கத்து ஓலை வழியாகப் போய்விட்டதா என்றுகூட ஆசிரியனாகிய எனக்குத் தெரியாது. எழுதுகிறவனுக்கு எல்லாம் தெரியும் என்று யார் சொன்னார்களோ அவர்கள் வந்து என் கொட்டகையைப் பார்க்கட்டும்.

5

ஏன் அடிக்கவில்லை என்று கேட்பீர்கள். பிள்ளைத்தாய்ச்சி இருக்கும் வீட்டில் பாம்பை அடிக்கக் கூடாது. வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது. என் மகன் தாமோதரன் துடுப்பை எடுத்துக்கொண்டு ஓடிவந்தவன், மனைவியின் வயிற்றைப் பார்த்துவிட்டு அதைக் கீழே போட்டான். வெளியாள் வந்து அடித்தாலும் வீட்டுக் கணக்கில்தான் சேரும் என்றாள் கெங்கம்மா.

"அடிக்க வாணாம். பிடாரனைக் கூப்புடு, புடிச்சிக்கினு போவட்டும்" என்றாள் பூவம்மா. எங்கள் கரையிலிருந்து ராயபுரத்துக்கு மீன் கொண்டுபோய் விற்பவள், எனக்குத் தங்கை முறை.

பிடாரன் வந்தால் அவன் கூடையிலேயே ஒன்று கொண்டுவந்து, அதைப் பிடித்ததாகக் காட்டுவான். அது போகட்டும். விஷமில்லை என்று ஊர் நடுவில் சொன்னவன் பிடாரனை அழைத்தால் அதற்கு என்ன பொருள்?

"அப்ப நீயே வலைய இஸ்து வெளிய போடேன்" என்றாள் கெங்கம்மா.

விஷமில்லாத ஒன்றுக்குப் பயந்து, பத்துப் பேர் தூக்கும் வலையை மழையில் இழுத்துப் போட எனக்கு என்ன அவசியம்?

(இந்த இடத்தைப் படித்தபோது கெங்கம்மா மீனைத் திருப்பிப் போட்டாள்.)

அதன்பிறகு தாமோதரன்தான் தண்ணீர் எடுத்தான். வரலட்சுமி வாசலைவிட்டு இறங்கவில்லை. குளிக்கவும் கிணற்றடிக்குப் போகவில்லை. பெண்கள் தண்ணீர் எடுக்கும் கிணற்றில் என் மகன் குடத்தோடு நிற்பதை ஊர் பார்த்தது. அவள் வீட்டுக்குள் எங்கே கால் வைத்தாலும் முதலில் ஒரு கோலால் தட்டிவிட்டுத்தான் வைத்தாள். அந்தத் தட்டல் சத்தம் பகல் முழுக்க என் காதில் விழுந்துகொண்டே இருந்தது.

6

எத்திராஜ் வந்தார். அவரும் கடற்கரையில் பிறந்தவர்தான். ஆனால் இருபது வயதிலேயே கடலைக் கைவிட்டுத் துறைமுகத்தில் நிலக்கரி இறக்கும் கூட்டத்துக்கு மேஸ்திரியாகப் போனவர். ராயபுரத்தில் இருக்கும் அவர் வீட்டுக்குப் பூவம்மாவின் கூடை வழியாகச் செய்தி போயிருக்கிறது.

"சம்பந்தி, பொண்ண நான் இப்பவே அழச்சிக்கினு போறேன்."

"கார்த்திகையில் வளைகாப்புக்கு நாள் வைத்திருக்கிறோம். முறையாக வரிசையோடு வாருங்கள், வளையல் போட்டு அனுப்புகிறோம். மழையில் நனைந்துகொண்டு தனியாள் வந்து கூட்டிப்போக இது என்ன வீடு?"

"முறை கெடக்குது. பாம்பு கீதா இல்லியா?"

"இருந்தாலும் விஷமில்லை. வாலைப் பார்த்தேன், உருண்டை."

அப்போதுதான் அவர் அதைச் சொன்னார். அதை இங்கே எழுதாமல் இருக்க என்னால் ஆனதையெல்லாம் செய்தேன். கதையாயிற்றே, ஆசிரியனுக்கு உரிமை உண்டே என்று அவருக்கு வேறு வசனங்கள் எழுதிப் பார்த்தேன்.

"'அப்படியா சம்பந்தி! உங்கள் அனுபவத்தின் முன் நான் எம்மாத்திரம்!' என்றார் எத்திராஜ்."

கெங்கம்மா: "அந்தாளு எப்ப இப்டி பேசினான்? நாடகத்துல ராசா வேசம் கட்டினானா?"

"'எனக்குப் பாம்பு என்றாலே நடுக்கம்' என்று எத்திராஜ் கண்ணீர் உகு—"

கெங்கம்மா: "தூ."

சரி. அவர் சொன்னது இதுதான்: "இன்னா சம்பந்தி பேசறே? தரையில பூந்து போற ஜென்மத்துக்குத் துடுப்பு வால் இன்னாத்துக்கு? அது இன்னா கட்டுமரமா வலிக்கப் போவுது?"

வேலியோரம் நின்றவர்கள் சிரித்தார்கள். என் பங்காளி வீட்டுப் பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள். இதை இப்போது படித்தபோது கெங்கம்மாவும் சிரித்தாள், எத்தனையாவது தடவையோ தெரியவில்லை. இந்தக் கதையில் நன்றாக அமைந்த ஒரே வசனம் எத்திராஜுடையது என்பது எனக்கு எவ்வளவு எரிச்சல் என்று வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

நான் எழுந்து உள்ளே போய்விட்டேன். அவர் மகளை அழைத்துப்போகவில்லை. என் சொல்லை மீறி அழைத்துப்போக அவருக்கும் துணிவில்லை. கோபமாக இருந்தாலும் இதை ஒப்புக்கொள்கிறேன்: அந்த அளவுக்கு மரியாதை தெரிந்தவர்தான்.

7

இனி முடிவு. இரண்டு எழுதினேன்.

முடிவு ஒன்று: மழை விட்டது. வெயில் ஏறியது. கொட்டகையிலிருந்து ஒரு சாரைப்பாம்பு எல்லோரும் பார்க்க வெளியே வந்து கால்வாய்ப் பக்கம் போயிற்று. எத்திராஜ் தலைகுனிந்தார்.

முடிவு இரண்டு: கார்த்திகையில் வளைகாப்பு சிறப்பாக நடந்தது. வரலட்சுமி கைநிறைய வளையலோடு, மேளத்தோடு, வண்டியில்—

"வளையல் எங்க போட்டோம்?" என்றாள் கெங்கம்மா. இந்த முறை அவள் குரலில் கேலி இல்லை.

போடவில்லை. எத்திராஜ் வந்துபோன இரண்டாம் நாள் காலையில் வரலட்சுமி மாற்றுப்புடவை மூட்டையோடு என் முன்னால் வந்து நின்றாள். பூவம்மா கூடையை இடுப்பில் வைத்தபடி வெளியே காத்திருந்தாள்.

"மாமா, வெசமில்லன்னு நீங்க சொல்றது மெய்யாலும் இருந்தா அந்த வலைய இஸ்து வெளிய போடுங்க. நான் இங்கியே கீறேன். இல்லாங்காட்டி எங்கப்பா வூட்டுக்குப் போறேன். எனக்காகச் சொல்லல."

வயிற்றில் கை வைத்துக்கொண்டாள்.

இதற்கு நான் சொன்ன பதிலாக ஒரு பக்கம் எழுதியிருந்தேன். குலம், முறை, பெரியவர் சொல் என்று நல்ல தமிழில் இருந்தது. அதைக் கிழித்துவிட்டேன். நான் எதுவும் சொல்லவில்லை. அவள் என் காலில் விழுந்து கும்பிட்டுவிட்டு, பூவம்மாவோடு ரஸ்தாவுக்கு நடந்து, ஜட்கா பிடித்துப் போனாள். வளையல் போடாத வெறும் கையோடு. வழி நெடுக ஊர் பார்த்தது.

தை பிறந்ததும் அங்கே பெண் குழந்தை பிறந்தது. தாமோதரனும் கெங்கம்மாவும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். நான் போகவில்லை. வலை இன்னும் கொட்டகையிலேயே கிடக்கிறது. மற்ற வலைகளெல்லாம் கடலில் இறங்கிவிட்டன.

8

மேலே உள்ளதை எழுதிக்கொண்டிருக்கும்போதே பூவம்மா வந்துவிட்டாள். ஆகையால் இந்தப் பகுதியை அவசரமாக எழுதுகிறேன்.

"அண்ணே, ராயபுரத்துக்குத்தான் போறேன். உம் மருமவ ஒரு சேதி கேக்கச் சொல்லிச்சு. பாம்பு போச்சா?"

"அதற்கு நான் என்ன செய்ய?"

"போச்சுன்னா கொழந்தையத் தூக்கிக்கினு வந்துடுதாம். அவங்கப்பன் போவாதேன்றான். 'நம்பாதே, கூட்டிக்கறதுக்காவ ஏதாவது சொல்வாங்க'ன்றான். அதுக்கு இது இன்னா சொல்லிச்சு தெரியுமா? 'எங்க மாமா மொரடு. ஆனா பொய் சொல்லமாட்டாரு. அவரு தன் வாயால போச்சுன்னு சொல்லட்டும், நான் போறேன்'னு மூஞ்சிக்கு நேரா சொல்ட்டுது."

கெங்கம்மா என்னைப் பார்த்தாள். "போச்சுன்னுதான் சொல்லேன். மூணு மாசமாச்சு, யாரு பாத்தா? இன்னுமா அங்க குந்திக்கினு இருக்கும்?"

இருக்காது. இருக்க நியாயமில்லை. போயிருக்கும் என்றுதான் எனக்கும் தோன்றுகிறது. "போச்சு" என்று ஒரு சொல் சொன்னால் பேத்தி நாளைக்கே வீட்டுக்கு வருவாள், கதையும் நல்லபடியாக முடியும், ஆசிரியருக்கும் திருப்தி. எழுதப் போனேன். 'போ' என்று எழுதி—

நான் பார்க்கவில்லை. வாலைத்தான் பார்த்தேன், அதுவும் ஐப்பசியில். குழந்தையைத் தரையில் கிடத்துவார்கள். தவழும்.

வாசகர்களே, ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். வாலைப் பற்றி நான் சொன்னதில் பிழை எதுவும் இருப்பதாக நான் நினைக்கவில்லை. அதைப் பற்றி எத்திராஜோடு எந்த மேடையிலும் பேசத் தயார். ஆனால் அந்தப் பெண் கேட்டிருப்பது வேறு. என் வாயிலிருந்து வருவது உண்மையாக இருக்கும் என்று தன் தகப்பன் எதிரில் நின்று சொல்லியிருக்கிறாள். இந்த வீட்டுக்கு இப்போது மிச்சமிருப்பது அது ஒன்றுதான் என்று தோன்றுகிறது.

"நைனா, நீ குந்து. நான் இஸ்துப் போடறேன். அதான் பொறந்தாச்சே, இனிமே அடிச்சாலும் ஒண்ணும் இல்ல" என்கிறான் தாமோதரன். கொம்போடு நிற்கிறான்.

கொம்பை வாங்கிக்கொண்டேன். அவள் கேட்டது என் சொல்லை. பார்க்க வேண்டியது என் கண். ஒரு முனையை அவன் இழுக்கட்டும், மறுமுனையில் நான் நிற்கிறேன். வேலியோரம் அதற்குள் ஆள் சேர்ந்துவிட்டது. எப்படித்தான் தெரிகிறதோ இவர்களுக்கு! சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும்.

பூவம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு, "சீக்கிரம்ண்ணே, மீன் கெட்டுப்போவும்" என்கிறாள்.

இந்தத் தாளை இப்படியே ஆசிரியருக்கு அனுப்பச் சொல்லிவிட்டுப் போகிறேன். முடிவு வேண்டுமென்றால் அவரவர் விருப்பம்போல் எழுதிக்கொள்ளலாம்: விரியன் என்று எழுதுங்கள், சாரை என்று எழுதுங்கள், எத்திராஜ் பக்கம் வேண்டுமானாலும் சேர்ந்துகொள்ளுங்கள். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். வலை முழுவதும் வெளியே வந்து, கடைசிக் கண்ணியையும் நான் உதறிப் பார்க்கும் வரையில் யாரும் 'போச்சு' என்று எழுத வேண்டாம்.