பத்தொன்பது வயதுக்கு மேல் அனுமதியில்லை

நூலகத்தின் முதல் மாடியில், லிஃப்டை விட்டு இறங்கியதும் இடது கைப்பக்கம், கண்ணாடிக் கதவு போட்ட ஓர் அறை இருந்தது. கதவில் ஒரு போர்டு. அதில் இரண்டே வரி. 'இங்கே சத்தம் போடலாம்.' அதற்குக் கீழே, 'பத்தொன்பது வயதுக்கு மேல் அனுமதியில்லை.' இரண்டையும் எழுதி மாட்டியது அந்த அறையைக் கவனித்துக்கொள்ளும் நூலகர். பிள்ளைகள் அவளை 'சத்தக்கா' என்று கூப்பிட்டார்கள். பேர் சொல்லிக் கூப்பிட்டால் அவளுக்கே திரும்பிப் பார்க்கத் தோன்றாது, அந்த அளவுக்கு ஒட்டிக்கொண்ட பட்டம்.

அந்த இரண்டு வரியும் சும்மா வந்துவிடவில்லை. தலைமை நூலகரோடு எட்டு மாதம் மல்லுக்கட்டி வாங்கியது. பின்னே? அறை திறந்த புதிதில் பிள்ளைகளைவிடப் பெற்றவர்கள்தான் அதிகம் வந்தார்கள். ஓர் அம்மா மகளின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, "இதெல்லாமா படிக்கிறே?" என்பார். ஓர் அப்பா பரீட்சை கைடைக் கொண்டுவந்து, மகன் படித்துக்கொண்டிருக்கும் கதைப் புத்தகத்தின் மேலேயே வைத்துவிட்டுப் போவார். மூன்றாவது வாரம் அறையில் பெற்றவர்கள் ஏழு பேர், பிள்ளைகள் இரண்டு பேர். சத்தக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போர்டு ஏறிய பிறகுதான் அந்த அறைக்கு உயிர் வந்தது. அதனால் யார் வந்து கெஞ்சினாலும் அவள் மசியமாட்டாள். ரூல் என்றால் ரூல்தான்.

சனிக்கிழமை மூன்று மணியிலிருந்து ஐந்து மணி வரை பார்சல் நேரம். ஆளுக்கு ஒரு புத்தகத்தை எடுத்து, பழுப்புக் காகிதத்தில் சுற்றி, மேலே மூன்று வரி எழுத வேண்டும். புத்தகத்தின் பேர் எழுதக்கூடாது, சுற்றினவர் பேரும் எழுதக்கூடாது. கையெழுத்தை வைத்து யாரும் கண்டுபிடித்துவிடக்கூடாது என்பதற்காகப் பழக்கமில்லாத கையால்தான் எழுத வேண்டும். வலது கைக்காரர்கள் இடது கையால் கிறுக்கி, நாக்கைத் துருத்திக்கொண்டு படும் பாட்டைப் பார்க்கவேண்டுமே. சுற்றிய பார்சலெல்லாம் அலமாரிக்குப் போகும். மூன்று வரியைப் படித்து ஆசைப்பட்டவர்கள் எடுத்துக்கொண்டு போகலாம். நாலு வாரம் யாரும் எடுக்காத பார்சலைப் பிரித்து, புத்தகத்தைப் பழைய இடத்தில் வைத்துவிட்டுக் காகிதத்தைப் பழைய பேப்பர் வண்டியில் போட்டுவிடுவாள் சத்தக்கா.

இந்தக் கூட்டத்துக்கு உயிர்நாடி ஒரு பதினைந்து வயதுப் பெண். கையில் வளையல் மாதிரி எப்போதும் செலோடேப்பை மாட்டிக்கொண்டு திரிவாள். அதனால் 'டேப்பு'. அவள் இருந்தால் அறையே கலகலவென்றிருக்கும். ஒரு சனிக்கிழமை எல்லோரும் கிளம்பிய பிறகு சத்தக்காவின் மேசையருகே வந்து நின்று, நகத்தால் டேப்பின் முனையைத் தேடிக்கொண்டே கேட்டாள்.

"அக்கா, ஒரே ஒரு நாளைக்கு மட்டும் பெரியவங்களை உள்ள விடலாமா?"

"எதுக்கு?"

"சும்மாதான். ஒரே ஒருத்தர். அஞ்சு நிமிஷம்."

"இன்னைக்கு ஒருத்தர்னு ஆரம்பிக்கும், நாளைக்கு ஏழு பேரா வந்து நிக்கும். போடி, வேலையைப் பாரு."

டேப்பு சிரித்துக்கொண்டே போனாள். அடுத்த திங்கட்கிழமை அவளுக்குக் காய்ச்சல் என்றார்கள். வெள்ளிக்கிழமை அவள் இல்லை.

நம்பமுடிகிறதா? யாராலும் முடியவில்லை. நாலு வாரம் பார்சல் அலமாரிப் பக்கம் பிள்ளைகள் போகவேயில்லை. நாலாவது வாரக் கடைசியில் சத்தக்கா மனசைக் கல்லாக்கிக்கொண்டு அலமாரி முன்னால் உட்கார்ந்தாள். மிச்சமிருந்த பதினாலு பார்சலில் டேப்பு சுற்றியது எதுவென்று தேடினாள். தெரியவில்லை. எல்லாமே கோணல்மாணல் எழுத்து, அவளே போட்ட ரூல். ஒன்றொன்றாகப் பிரித்தாள். புத்தகங்கள் அதனதன் இடத்துக்குப் போயின. வியாழக்கிழமை பேப்பர் வண்டி வந்தது.

அதற்கு அடுத்த சனிக்கிழமை, மூன்று மணிக்குக் கொஞ்சம் முன்னால், கண்ணாடிக் கதவுக்கு வெளியே ஒருவர் துணிப்பையோடு வந்து நின்றார். அவரை அவளுக்குத் தெரியும். லிஃப்ட் மெக்கானிக். கட்டடத்து லிஃப்ட் மக்கர் பண்ணியபோதெல்லாம் வந்தவர். ஆனால் அவர்தான் டேப்புவின் அப்பா என்பது, அவளைக் கடைசியாகப் பார்க்கப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போன அன்றைக்குத்தான் தெரிந்தது. அன்று அவர் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

சத்தக்கா வெளியே வந்தாள். அவர் பையிலிருந்து இரண்டு புத்தகங்களையும் டேப்புவின் நூலக அட்டையையும் எடுத்து நீட்டினார்.

"பாப்பாவோடது மேடம். தேதி தாண்டிப் போச்சு. எடுத்துட்டு வர கை வரலை."

"அதெல்லாம் ஒண்ணுமில்ல சார். அட்டையை நீங்களே வெச்சுக்கங்க."

அவர் அட்டையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். ஆனால் போகவில்லை. கதவைப் பார்த்தார், போர்டைப் பார்த்தார்.

"ஒண்ணு கேக்கலாமா மேடம்? பாப்பா உள்ள என்ன பண்ணுவா? வீட்டுல இருந்தது தெரியும். ஸ்கூல்ல என்ன பண்ணுவான்னு தெரியும். சனிக்கிழமை இந்த ரெண்டு மணி நேரம் மட்டும் எனக்குத் தெரியாது. கீழ மதில் மேலதான் உக்காந்திருப்பேன். கேட்டா சிரிப்பா, சொல்லமாட்டா. அவ அம்மா படுத்த படுக்கையா கெடக்கா. இதையாவது போய்ச் சொன்னா எந்திரிச்சு உக்காருவாளோன்னு பார்க்கறேன்."

மேலே ஜன்னலிலிருந்து பார்த்தால் மதில் தெரியும். அதில் வாராவாரம் ஒரு தலை தெரியும். சத்தக்காவும் பார்த்திருக்கிறாள். யாரோ எதற்கோ காத்திருக்கிறார்கள் என்று விட்டுவிட்டாள்.

"மேல வந்திருக்கலாமே சார். படிக்கிற ஹால்ல உக்காந்திருக்கலாம்."

"லிஃப்ட் ரிப்பேருக்கு வந்தப்ப இந்தக் கதவு வரைக்கும் வந்திருக்கேன். போர்டைப் பார்த்தேன். எதுக்கு வம்பு, புள்ளைங்க சங்கடப்படும்னு கீழயே இருந்துட்டேன்."

அவள் அவரை வராந்தா பெஞ்சில் உட்காரவைத்துப் பார்சலைப் பற்றிச் சொன்னாள். காகிதம், மூன்று வரி, இடது கை, எல்லாவற்றையும். சொல்லச் சொல்ல அவர் முகத்தில் ஏதோ பிடிபட்டது.

"ஓ, அது இங்க கத்துக்கிட்ட வேலைதானா? வீட்டுல ஒரு சாமானை விட்டு வைக்கமாட்டா மேடம். ஒருநாள் பத்தாவது மாடியில லிஃப்ட் நின்னுபோச்சு. உள்ள ஆளுங்க மாட்டிக்கிட்டாங்க. அவசரமா பையைத் தொறந்தா, என் ஸ்பானரைக் காணோம். காகிதத்துல சுத்தி ஒரு பொட்டலம்தான் இருக்கு. மேல கோணலா எழுதியிருக்கா, 'ரொம்பக் கடினமானது. பொறுமையாத் திருப்பணும்'னு. உள்ள மாட்டினவங்க கத்தறாங்க, நான் வெளிய பார்சல் பிரிச்சுட்டிருக்கேன்."

சொல்லிவிட்டு அவர் சிரித்தார். ஐந்து வாரத்தில் முதல் சிரிப்பாக இருந்திருக்கும். சிரிப்பு வந்ததும், அவரை அறியாமல் வலது கை மேலே போய் வாயை மூடிக்கொண்டது. விரல் இடுக்கில், முன்பல் ஒன்று இல்லாத இடம் கறுப்பாகத் தெரிந்தது.

சத்தக்கா அந்தக் கையையே பார்த்தாள்.

அலமாரியில் கிடந்த ஒரு பார்சல் அவளுக்கு ஞாபகம் வந்தது. எல்லோருக்கும் ஞாபகமிருக்கும். 'சிரிக்கும்போது வாயைக் கையால் மூடிக்கொள்பவருக்கு மட்டும். மற்றவர்கள் தொட வேண்டாம்' என்று முதல் வரி. அது வந்த அன்று பிள்ளைகள் ஒருத்தர் வாயை ஒருத்தர் பொத்திவிட்டு, "நீதானாடா அது?" என்று கூத்தடித்தார்கள். எவருக்கும் அந்தப் பழக்கம் இல்லை. அதனால் எவரும் எடுக்கவில்லை. யாரோ குறும்புக்கு எழுதியிருக்கிறார்கள் என்று நினைத்துத்தான் போன வாரம் அவளும் பிரித்தாள். நிஜமான ஆள் அன்றைக்குக் கீழே மதில் மேல்தான் உட்கார்ந்திருந்தார் என்றால், அது யாருக்குத் தோன்றும்? டேப்பு இருந்திருந்தால் சொல்லியிருப்பாள். அவள் வந்து கேட்கத்தானே கேட்டாள்.

மறைத்துவிடலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தாள். பொய் சொல்வது சுலபம். ஆனால் அந்த மனிதர் மகளின் இரண்டு மணி நேரத்தைக் கேட்டுக்கொண்டு வந்திருக்கிறார். அதில் பாதியைத் திருடிக்கொண்டு மீதியை எப்படிக் கொடுப்பது?

"சார், அவ உங்களுக்கு ஒரு பார்சல் சுத்தி வெச்சிருந்தா," என்றாள். "உங்களுக்குத்தான்னு எனக்கு இப்பத்தான் தெரியுது. நான் அதைப் பிரிச்சுட்டேன். காகிதம் பேப்பர் வண்டியில போயிடுச்சு. ஒரு நாளைக்கு ஒருத்தரை உள்ள விடுங்கன்னு எங்கிட்ட கேட்டா. நான்தான் முடியாதுன்னேன். ரூலு ரூலுன்னு பேசினேன். மன்னிச்சுடுங்கன்னு கேக்கக்கூட எனக்கு வாயில்ல சார்."

அவர் துணிப்பையை நாலாக மடித்தார், மறுபடியும் பிரித்தார்.

"வீட்டுல வந்து சொன்னா மேடம். 'அக்கா ஒத்துக்கலைப்பா, அடுத்த வாரம் மறுபடி கேக்கறேன், ரெண்டாவது தரம் கேட்டா அக்கா கண்டிப்பா சரின்னுடுவாங்க'ன்னா. எதுக்குன்னு கேட்டேன். வந்து பாருன்னுட்டா."

அது உண்மைதான். இரண்டாவது தரம் கேட்டிருந்தால் அவள் சரி என்றிருப்பாள். பிள்ளைகள் அவளை அப்படி அளந்து வைத்திருந்தார்கள். சத்தக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்துபோய்க் கண்ணாடிக் கதவைத் திறந்து பிடித்தாள்.

"உள்ள வாங்க சார்."

அவர் வாசலிலேயே நின்றார். "எனக்கு நாப்பத்தாறு மேடம்," என்றார்.

"வாங்க சார்."

அவர் செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே வந்தார். அதற்குள் பிள்ளைகள் ஆறேழு பேர் சேர்ந்திருந்தார்கள். டேப்புவின் அப்பா என்று அவர்களுக்குத் தெரிந்தது. ஒருத்தி எழுந்து நாற்காலியைத் துடைத்து நகர்த்திப் போட்டாள்.

சத்தக்கா அலமாரியில் தேடி அந்தப் புத்தகத்தைக் கொண்டுவந்தாள். மஞ்சள் அட்டை போட்ட மெல்லிய புத்தகம். ஒரு பல் டாக்டர், தன் நாற்காலியிலிருந்து பயந்து ஓடிப்போனவர்களைப் பற்றி எழுதியது. அட்டையைப் பார்த்ததும் அவர் தலையை ஆட்டிக்கொண்டார்.

"பல்லு கட்டிக்கோப்பான்னு ரெண்டு வருஷமா உயிரை எடுத்தா. ஒருதரம் போயிட்டு, மெஷின் சத்தத்தைக் கேட்டு ஓடி வந்துட்டேன். அதை வெச்சே ஓட்டுவா." பிறகு கேட்டார். "மேல என்ன எழுதியிருந்தா?"

அவள் முதல் வரியைச் சொன்னாள். இரண்டாவதையும் சொன்னாள். "'நாப்பத்தொண்ணாம் பக்கம் வரும்போது கையை எடுத்துட்டுச் சிரிக்கணும்.'"

"மூணு வரின்னீங்களே?"

மூன்றாவது வரி அவளுக்கு வரவில்லை. அந்த மாதம் அவள் படித்தது முப்பது பார்சல், தொண்ணூறு வரி. கண்ணை மூடி யோசித்தாள். பிள்ளைகளைப் பார்த்தாள். நெட்டை என்று கூப்பிடப்படும் பையன், "'சிரிக்கலைன்னா புக்கைத் திருப்பித் தரணும்'னு இருந்துச்சுக்கா," என்றான். நாற்காலி போட்டவள், "இல்லடா, அது வேற பார்சல். இதுல 'வீட்டுக்குப் போற வழியில எனக்கும் சொல்லணும்'னு இருந்துச்சு," என்றாள். இன்னொருத்தி அதுவும் இல்லை என்றாள். சண்டை மாதிரி ஆரம்பித்துச் சட்டென்று அடங்கிவிட்டது.

"பரவால்ல," என்றார் அவர். "ரெண்டுமே அவ சொல்ற மாதிரிதான் இருக்கு."

அவர் முதல் பக்கத்திலிருந்து படித்தார். உதட்டை அசைத்து, வரிக்கு வரி விரல் வைத்து, நிதானமாகப் படிக்கிற ஆள். பிள்ளைகள் பழுப்புக் காகிதத்தை எடுத்து வெட்ட ஆரம்பித்தார்கள். டேப் ஒட்டும்போது மட்டும் யாரும் யார் முகத்தையும் பார்த்துக்கொள்ளவில்லை. அரை மணி போயிற்று, ஒரு மணி போயிற்று. கீழே மதில் மேல் யாரும் இல்லை.

நாலரை மணிக்கு அவர் தோள் குலுங்கியது. நாற்பத்தொன்றாம் பக்கத்தில் ஒருவர், பல் டாக்டர் கழுத்தில் கட்டிவிட்ட துண்டோடு ஓடிப்போய் பஸ் ஏறி, கண்டக்டரிடம் வாயைத் திறந்து காட்டுகிறார். சிரிப்பு வந்ததும் கை தானாக வாய்க்குப் போனது. அங்கேயே நின்றது. பிறகு அவர் அந்தக் கையை மெதுவாக இறக்கிப் புத்தகத்தின் மேல் வைத்தார். வாய் திறந்தது. பல் போன இடம் தெரிய, அறையே அதிர, ஒரே ஒரு சிரிப்பு. அதன் பாதியிலேயே அது அழுகையாக மாறிவிட்டது. வளர்ந்த ஆள் அழும் அழுகை, அடிவயிற்றிலிருந்து வருவது, நிறுத்தத் தெரியாதது. கையை மட்டும் அவர் மறுபடி தூக்கவே இல்லை.

வெளியே படிக்கிற ஹாலில் தலைகள் நிமிர்ந்தன. தலைமை நூலகர் வேகவேகமாக வந்து கதவைத் திறந்து, உதட்டில் விரலை வைத்தார். சத்தக்கா எழுந்துபோய் அவர் முன்னால் நின்றாள்.

"இங்க சத்தம் போடலாம் சார்," என்றாள்.