மருமகன் ரத்தம்

பிரெஞ்சுக்காரன் வைக்கிற தேர்தல் எங்களுக்கு வேண்டாம், சுதந்திரம்தான் வேணும்னு எங்க கலெடோனியாத் தீவு முழுக்க ரோட்டை மறிச்சிருந்த வருஷம் அது. எங்க பள்ளத்தாக்குல பெரிய பெரிய மரமா வெட்டிச் சாய்ச்சிருந்தோம். காவல் நிக்கிறவங்களுக்கு நான்தான் கிழங்கு அவிச்சுக் கொண்டுபோவேன். அன்னிக்கு மறியல்ல வந்து மாட்டினது நான் பெத்த மகன் தெய்ன்.

மாட்டுப்பண்ணை வெள்ளைக்காரனுக்கு வண்டி ஓட்டுற பய. போகாதேடான்னு எத்தனை தடவை சொன்னேன், கேட்டானா? வண்டி சீட்டுக்கடியில துப்பாக்கித் தோட்டா கிடைச்சுது. முதலாளி வச்சது, எனக்குத் தெரியாதுன்னு அவன் சொன்னதை யாரும் காதுல வாங்கல. முந்தின வாரம்தான் பண்ணைக்காரனுங்க சுட்டு ஃபிர்மேனோட அண்ணன் செத்திருந்தான். மறியலுக்குத் தலைவனே அந்த ஃபிர்மேன்தான். கத்தியை ஓங்கிட்டான்.

நான் நடுவுல பாய்ஞ்சேன். எங்க சனத்துல மருமகனோட ரத்தம் தாய்மாமனுக்குச் சொந்தம். அடுத்தவன் சிந்தினா மாமனுக்குப் பதில் சொல்லியாகணும். அந்த மாமன், என் கூடப்பிறந்த தம்பி போவாதி, அங்கேயேதான் மறியல்ல நின்னான். அவனைக் கேக்காம என் பிள்ளையைத் தொடாதேன்னு கத்தினேன். என் வாய்ல மண்ணைப் போட.

ஃபிர்மேன் கத்தியைத் தாழ்த்தினான். "சரி. அப்ப மாமனே அடிக்கட்டும். அடிக்கலேன்னா நான் வெட்டுவேன்."

போவாதி இரும்புக் கம்பியை எடுத்தான். முதல் அடி தொடையில, மெதுவா. கூட்டம் சிரிச்சுது. தெய்ன் மண்ணுல கிடந்தபடியே முணுமுணுத்தான், "ஓங்கி அடிங்க மாமா. இவங்க நம்பணும்."

போவாதி அழுதுக்கிட்டே ஓங்கினான். கை ஒடிஞ்சுது, விலா ஒடிஞ்சுது. போதும்னு ஃபிர்மேன் சொல்றவரைக்கும் அடிச்சான்.

உசிரோட விட்டாங்களேன்னு அவனுங்களைக் கும்பிட்டேன், வெக்கங்கெட்டவ. வயித்துக்குள்ள ரத்தம் கொட்டிக்கிட்டிருந்தது யாருக்குத் தெரியும்? ஆஸ்பத்திரிக்குப் போற வழியெல்லாம் நாங்க சாய்ச்ச மரம். கடைசியில ஃபிர்மேனே ரம்பம் எடுத்து அறுத்தான். பாதி அறுக்கையில பிள்ளை என் மடியில செத்துப்போனான்.

சாவைத் தாய்மாமனுக்குச் சொல்லணும். துணியும் கிழங்கும் வச்சு, உங்க ரத்தத்தைக் காப்பாத்தத் தவறிட்டோம்னு தகப்பன் மன்னிப்புக் கேக்கணும். என் புருஷன் போவாதி வாசல்ல தலைகுனிஞ்சு நின்னு அதையேதான் கேட்டாரு. அடிச்சவன்கிட்ட! போவாதி சுவரோட ஒட்டிக்கிட்டான்.

"என்னால வாங்க முடியாதுக்கா. என்னைக் கொன்னுடுங்க."

கொல்லத்தான் எனக்கும் கை துடிச்சுது.

"நீ வாங்கலேன்னா பிள்ளையைப் புதைக்க முடியாதுடா"ன்னேன்.

ரெண்டு கையும் நீட்டி வாங்கினான்.