மில்லுக்காரர் வெட்டாத வாய்க்கால்

இந்தக் காலத்து ஆட்களுக்கு ஒரு நல்ல காரியம் செய்ய முன்னமே பேனர் கட்டியாக வேண்டும். பந்தல் வேண்டும், போட்டோ வேண்டும். என்ன செய்தீர்கள் என்று கேட்டால் மட்டும் முகம் கறுக்கும்.

சம்மாந்துறையில் எங்கள் வயல் பக்கம் ஒரு வழக்கம். விதைப்புக்கு முன் வாய்க்கால் யாருடைய காணியோடு போகிறதோ, அந்தப் பங்கை அவரே வெட்டித் துப்புரவாக்க வேண்டும். பணக்காரருக்கும் அதுதான். எல்லோரும் வெட்டிவிட்டோம். றாஸிக் ஹாஜியாரின் நெல் மில்லுக்குப் பின்னால் உள்ள பங்கு மட்டும் உமியும் சாம்பலுமாய் அடைத்துக் கிடந்தது. தண்ணீர் பங்கிடும் வட்டவிதானை காலிதீன் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனார். அதற்குக் கீழேதான் என் வயல். மற்றவர்கள் உழுதுவிட்டார்கள், எனக்கு மண்ணே நனையவில்லை.

அதே மில்லின் முன்னால் பந்தல். ஊருக்கு உதவும் கம்பெனிகளுக்கு அரசாங்கம் வரிச்சலுகையும் கேடயமும் கொடுக்கிறதாம். ஹாஜியார் பள்ளிக்கூடத்துக்குத் தண்ணீர் வடிகட்டும் மெஷின் வாங்கிக் கொடுத்திருந்தார். பிரதேச செயலகத்திலிருந்து தினேஷா மிஸ் கேடயத்தோடு வந்திருந்தார். வயதான விவசாயி என்று என்னை மேடையேற்றி, அந்த மெஷின் தண்ணீரில் முதல் கிளாஸை நீட்டினார்கள்.

"குடிங்க காக்கா, சுத்தமான தண்ணி," என்றார் ஹாஜியார், மூத்தவரை அழைக்கும் எங்கள் ஊர் முறையில்.

"எனக்கு வாணாம் தம்பி. என்ட வயலுக்குத்தான் வேணும். ஒங்கட பங்க எப்ப வெட்டப் போறீங்க?"

பந்தலில் சிரிப்பு.

"அத நாளைக்குக் கதைப்பம் காக்கா. இண்டைக்கு நல்ல நாள்."

"ஒங்களுக்கு நல்ல நாள். எனக்கு விதைக்கிற நாள் போகுது!"

மிஸ் மைக்கைப் பொத்திக்கொண்டார். "ஐயா, இந்தத் திட்டத்தில வாய்க்கால் வராது. குடிதண்ணி, படிப்பு, சுகாதாரம்தான்."

"அப்ப, வாய்க்கால அடைச்சவருக்குக் கேடயம் குடுக்கச் சொல்லித் திட்டத்தில இரிக்கா மிஸ்?"

மிஸ் மேடையிலிருந்து இறங்கி, மில்லுக்குப் பின்னால் போய்ப் பார்த்தார். செருப்பு சாம்பலில் புதைந்தது. திரும்பி வந்து கேடயத்தைப் பையில் வைத்தார்.

"ஹாஜியார், முதல்ல வாய்க்கால். பிறகுதான் இது. சலுகைக்கும் அப்பிடித்தான் எழுதி அனுப்புவன்."

"ஓம் மிஸ், இந்தக் கிழமையே வெட்டுறன்," என்ற ஹாஜியார் போட்டோக்காரரிடம் திரும்பினார். "தம்பி, அதுக்கும் வந்திருங்க."

"பாத்தீங்களா ஐயா? அரசாங்கம் சொன்னா கேக்கிறாங்க," என்றார் மிஸ்.

"கேடயம் கைக்கு வாற வரைக்கும் கேப்பாங்க. நாங்க வெட்டினதுக்கு ஆரு மிஸ் கேடயம் தந்த?"

கிளாஸை மேசையில் வைத்துவிட்டு இறங்கினேன். பின்னால் ஹாஜியாரின் வாக்குக்குக் கைதட்டல் கேட்டது. நான் திரும்பவில்லை. வாய்க்காலில் உமி அப்படியே கிடந்தது. வயலை நோக்கி நடந்தேன்.