தலைவர் மகள் பத்தாவது படித்த வருஷம்

என் அப்பா சின்னதுரை ஒரு பதவியில் இருந்தார். எம்.எல்.ஏ. இல்லை, ஊராட்சித் தலைவர்கூட இல்லை. வடக்கனந்தலைத் தாண்டி மலையடிவாரத்தில் இருக்கிற எங்கள் ஊர் உயர்நிலைப் பள்ளிக்குப் பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர். சம்பளம் கிடையாது, கைக்காசுதான் போகும். ஆனால் அந்தப் பதவிக்கு அவர் படுகிற பாட்டைப் பார்க்கிற வெளியூர்க்காரர்கள், மனுஷன் டெல்லிக்கே போகப்போகிறார் போல என்று நினைத்துக்கொள்வார்கள்.

மூன்று வருஷத்துக்கு ஒருமுறை ஜூலை மாதத்தில் தேர்தல் வரும். பள்ளி மைதானத்தில் பெற்றோர் எல்லாரும் உட்கார்ந்து கை தூக்க வேண்டும், அவ்வளவுதான். அந்தக் கைதூக்கலுக்கு அப்பா மாட்டு வண்டியில் மைக் கட்டி ஊர்வலம் விடுவார். காட்டுக்காரர் வீடு, கூலிக்காரர் வீடு என்று பார்க்காமல் எல்லார் வாசலிலும் போய் நிற்பார். "ஒங்க பெரியவன் ஏழாவது பி தான? கணக்குல கொஞ்சம் கம்மியா வாங்கறான், பாத்துக்கோங்க" என்பார். பள்ளியில் படிக்கிற அத்தனை பிள்ளைகளின் பெயரும் வகுப்பும் அவருக்கு அத்துப்படி. என் வகுப்பைக் கேட்டால்தான், எட்டாவதா ஒன்பதாவதா என்று அம்மாவைத் திரும்பிப் பார்ப்பார்.

அவரை எதிர்த்து நின்றவர் ரைஸ் மில் ராமசாமி. தேர்தலன்று வருகிறவர்களுக்கெல்லாம் போண்டாவும் டீயும் கொடுப்பார். ஊர் ஜனம் போண்டாவைத் தின்றுவிட்டு, அந்த எண்ணெய்க் கையையே அப்பாவுக்குத் தூக்கும். மூன்று தேர்தலிலும் இதுதான் நடந்தது. பெண் பிள்ளைகளுக்குக் கக்கூஸ் கட்டவும், சர்க்கரை ஆலையில் கெஞ்சிக் கூத்தாடி பெஞ்சு வாங்கவும் அலைந்தது யார் என்று ஜனத்துக்குத் தெரியும்.

எல்லாம் சரிதான். ஆனால் அந்தப் பதவிக்கு ஒரு விதி உண்டு. பிள்ளை அந்தப் பள்ளியில் படித்தால்தான் அப்பன் தலைவராக இருக்க முடியும். அண்ணன் செழியன் படிப்பை முடித்து மூங்கில்துறைப்பட்டு ஆலையில் வேலைக்குப் போய்விட்டான். மிச்சம் இருந்தது கடைக்குட்டியான நான் மட்டும். அடுத்த தேர்தல் எண்பத்தெட்டு ஜூலையில். நான் பத்தாவது முடிப்பது அதே வருஷம் ஏப்ரலில். இந்தக் கணக்கு எனக்கும் அம்மாவுக்கும் தோன்றவில்லை. அப்பாவுக்குத் தோன்றியிருக்கிறது.

எண்பத்தேழு செப்டம்பரில் இடஒதுக்கீட்டுப் போராட்டம் வந்தது. கள்ளக்குறிச்சி ரோட்டில் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே போட்டார்கள். பஸ் இல்லை, பால் வண்டி இல்லை, கிழக்கே எங்கெங்கோ துப்பாக்கிச் சூடு என்று சேதி வந்துகொண்டே இருந்தது. அப்பா முதல் நாளே போய் ரோட்டில் உட்கார்ந்தவர், எல்லாம் அடங்கிய பிறகுதான் வீட்டுக்கு வந்தார். தொண்டை கட்டிக் குரலே இல்லை. "காலேஜுல நம்ம புள்ளைங்களுக்கும் எடம் வோணும்னு கத்திக் கத்தி..." என்று அம்மாவிடம் சைகையிலேயே பாதி சொன்னார். அவர் உயிரோடு திரும்பியதே பெரிது என்று அம்மா அன்றைக்கு மாரியம்மனுக்கு விளக்கு வைத்தாள். அவரை நினைத்து எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

மரங்களை அப்புறப்படுத்தினார்கள். பஸ் ஓடியது. பள்ளியும் திறந்தது. "இப்ப போவ வாணாம். ஊரு சரியில்ல" என்றார் அப்பா. ஆயுத பூஜை போயிற்று, தீபாவளி போயிற்று. ஊரில் எல்லாப் பிள்ளைகளும் பள்ளிக்குப் போனார்கள். தலைவர் மகள் மட்டும் வீட்டில் மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்தாள். கேட்டால், பொம்பளப் பிள்ளை, கலவர நேரம் என்பார். ஊரில் அதற்கும் அவருக்கு நல்ல பெயர்தான். பொறுப்பான அப்பன் என்றார்கள். எனக்கு அழுகையாக வந்தது. ஏற்கெனவே கணக்கு வராது, இதில் பாடமும் போய்விட்டால் நான் எங்கே பாஸாவது? பாஸாகாவிட்டால் சங்கராபுரத்தில் ஒரு மாமன் மகன் காத்துக்கொண்டிருந்தான்.

ஒருநாள் சாயங்காலம் என் வகுப்பு ஆசிரியை கண்ணகி டீச்சர் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"தலைவரே, இனிமேயும் மணிமொழி வரலைன்னா அட்டெண்டன்ஸ் பத்தாது. பரிட்சை எழுத விடமாட்டாங்க. அடுத்த வருசமும் இதே பத்தாவதுலதான் உக்காரணும்" என்றார்.

அப்பா கொஞ்சமும் யோசிக்காமல் சொன்னார்: "ஒக்காரட்டும் டீச்சர். அஸ்திவாரம் பலமா இருக்கும்."

பிள்ளையின் ஒரு வருஷம் பாழாகப்போகிறது என்று கேட்ட அப்பன் முகம் அப்படி இருக்காது. அதில் வருத்தம் இல்லை. அம்மா உரித்துக்கொண்டிருந்த மல்லாட்டையை முறத்தில் போட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். என் அம்மா செல்லியம்மாளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, ஆனால் அப்பாவின் முகத்தோடு இருபத்தைந்து வருஷம் குடித்தனம் நடத்தியவள்.

"வர்ற ஜூலையிலதான எலெக்சனு?" என்றாள்.

அப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறினார். டீச்சர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அம்மா விடவில்லை.

"ரோட்டுல மரத்த வெட்டிப் போட்டு, படிப்புல பங்கு குடுன்னு கவருமெண்ட கேட்டீங்க. வூட்டுல ஒண்ணு படிக்கிறன்னு ஒக்காந்துக்கினு கீது. அத எந்த மரத்த வெட்டிப் போட்டு மறிச்சிக்கினு கீறீங்க?"

அப்பா துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கரும்புக் காட்டுப் பக்கம் போய்விட்டார். ராத்திரி வீட்டில் பாத்திரச் சத்தம்தான் அதிகமாக இருந்தது.

மறுநாள் காலையில் சைக்கிளைத் துடைத்து வாசலில் நிறுத்தியிருந்தார். "கெளம்பு மணி" என்றார். நான் பையை எடுத்துக்கொண்டு ஓடினேன். மனசு மாறிவிட்டால் என்ன செய்வது என்று தலைகூடச் சரியாகப் பின்னவில்லை.

கேரியரில் உட்கார்ந்திருந்தேன். அவர் திரும்பாமலேயே பேசினார். "எங்கப்பன் கைநாட்டு. இந்தப் பள்ளிக்கூடத்து வாசல்ல செருப்பக் கயட்டிக் கையில புடிச்சிக்கினு நிப்பாரு. நான் போனா எட்மாஸ்டரே எழுந்து சேரு போடறாரு. அது போயிடுமேன்னு இருந்திச்சி, வேற ஒண்ணும் இல்ல."

எனக்கு அவர் மேல் கோபமாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது. "பரவால்லப்பா" என்று மட்டும் சொன்னேன்.

அன்று முதல் பரிட்சை முடிகிறவரை நான் ஒருநாள்கூட லீவு போடவில்லை. கணக்குக்குக் கண்ணகி டீச்சரே சாயங்காலம் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தார். ஜூனில் ரிசல்ட் வந்த அன்று அப்பா கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் போய்ப் பேப்பர் வாங்கிக்கொண்டு வந்தார். வாசலிலேயே அதை விரித்துப் பொடி எழுத்தில் விரலை ஓட்டினார். விரல் ஒரு இடத்தில் நின்றது.

"வந்துட்டிச்சி" என்றார். அப்படியே படியில் உட்கார்ந்து பெருமூச்சு விட்டார். சங்கராபுரம் மாமன் மகன் என் கழுத்திலிருந்து இறங்கிய மாதிரி எனக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. அம்மா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

சாயங்காலமே அப்பா ரைஸ் மில்லுக்குப் போய், "இந்தவாட்டி நீயே நில்லு" என்று ராமசாமியிடம் சொல்லிவிட்டு வந்தார். ராமசாமி நம்பாமல், யாரை எனக்கு எதிராக நிறுத்தப் போகிறாய் என்று கேட்டாராம். அப்பா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அன்றைக்கு ரொம்ப நாளைக்குப் பிறகு இரண்டாவது முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

பதினொன்றாம் வகுப்பில் சேர்க்க அவரே என்னைக் கள்ளக்குறிச்சிக்குக் கூட்டிக்கொண்டு போனார். பெண்கள் பள்ளி எங்கள் பள்ளியைப் போல நாலு மடங்கு இருந்தது. அப்பா ஒவ்வொரு கட்டடத்தையும் நிமிர்ந்து நிமிர்ந்து பார்த்தார். ஆபீஸில் இருந்த கிளார்க் அம்மா என் சேர்க்கையை முடித்து, "வேற எதாச்சும் கேக்கணுமா?" என்றார்.

அப்பா துண்டைத் தோளிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். "ஏம்மா, இந்த ஸ்கூல்ல பெற்றோர் ஆசிரியர் கழகம் எலெக்சன் எப்பங்க?"

"அடுத்த வருசம். இங்க படிக்கிற புள்ளையோட அப்பாவா இருக்கணும்."

வெளியே வந்ததும் அப்பா என் பக்கம் திரும்பினார். முகத்தில் அப்படி ஒரு களை.

"மணி, மழையோ வெயிலோ, ஒரு நாளுகூட லீவு போடக் கூடாது. ஆமா, சொல்லிட்டேன்."