கட்டம் பதினொன்று

மாத்திரை ஆரம்பித்த ஐந்தாவது வாரம், பிலோமினாவின் இடுப்பு வலி எழுந்து வந்து சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தது. அவள் கணவர் இருதயராஜ் பேப்பரை மடித்து வைத்தார். மனைவியின் வலியை அவர் அன்றைக்குத்தான் நேரில் பார்க்கிறார். ஆள் சின்னதுதான். சட்டைப் பித்தானைக் கழுத்துவரை போட்டிருந்தது.

"ஆறு வருஷமா இங்கதான் இருக்கேன்" என்றது.

"ஸ்கேன்ல தெரியலையே?"

"அசையாம இருக்கச் சொன்னாங்க. இருந்தேன்."

மூன்று ஸ்கேன் எடுத்திருந்தார்கள். மூன்றிலும் ஒன்றுமில்லை. ஒவ்வொரு தடவையும் ஆஸ்பத்திரி வாசலிலேயே, "ஒண்ணுமில்லாததுக்கா இந்த அழுகை?" என்று இருதயராஜ் கேட்டிருந்தார். டாக்டரம்மா மனச்சோர்வு மாத்திரை எழுதியபோது, "நான் அப்பவே சொன்னேன், எல்லாம் மனசுதான்" என்றார். "இந்த மாத்திரை உடம்பு வலியையும் குறைக்கும் சார். அவங்க வலி நிஜம்" என்று டாக்டரம்மா சொன்னது அவர் காதில் ஏறவில்லை.

"நான் கிளம்பணும். வலிப் பதிவு ஆபீஸ்ல, நான் இருந்ததுக்குச் சான்று கேக்குறாங்க. வீட்டுக்காரர் கையெழுத்து வேணும்" என்றது வலி.

"போயிட்டு வாங்க" என்றாள் பிலோமினா. "நான் இன்னைக்குக் கட்டிலுக்கடியில குனிஞ்சு பெருக்கப் போறேன்."

வலிப் பதிவு அலுவலகத்தில் இருதயராஜ் நடக்க நடக்க வராந்தா நீண்டது. "மெதுவா வாங்க, எனக்குப் பழக்கம்தான்" என்றது வலி.

கவுண்டரில் இருந்த பெண் நிமிரவில்லை.

"இது இருந்துச்சா?"

"இருந்திருக்கு."

"எப்பப் பாத்தீங்க?"

"இன்னைக்குக் காலையில."

"அப்ப இந்தப் படிவத்துல கட்டம் பதினொண்ணையும் நிரப்புங்க."

கட்டம் பதினொன்று: நம்பாததற்குக் காரணம். இருதயராஜ் 'ஸ்கேன்' என்று எழுதி அடித்தார். 'வேலை அதிகம்' என்று எழுதி அடித்தார். வேறு இடமில்லாததால் ஓரத்தில் பொடி எழுத்தில் எழுதினார்: 'நம்பியிருந்தால் நான் ஏதாவது செய்ய வேண்டியிருந்திருக்கும்.'

அந்தப் பெண் படித்துப் பார்த்து முத்திரை குத்தினாள்.

"அஞ்சு வாரத்துக்குப் பாதி வலியத்தான் எடுத்துக்குவோம். மீதிய வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. மாத்திரையை நிறுத்திடாதீங்க."

திரும்பும் பஸ்ஸில் வலி பாதி உயரத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் இருதயராஜ். கூடையோடு ஏறிய ஓர் அம்மா, "ஜன்னல் சீட்டு காலியா?" என்றார்.

"இல்லம்மா, ஆளிருக்கு" என்று சொல்லிவிட்டு இருதயராஜ் தன் சீட்டிலிருந்து எழுந்தார்.

அந்த அம்மா உட்கார்ந்தார். கூடையை மடியில் வைத்தார். ஜன்னல் பக்கம் திரும்பி, "ரொம்ப நாளாவா?" என்று கேட்டார்.

பஸ் இன்னும் கிளம்பக்கூட இல்லை.

இருதயராஜ் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வலி பதில் சொல்வதை முழுக்கக் கேட்டார்.